தரையிறங்கியதும் முதல் வேலை

ஜனவரி 9, வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். இரண்டு சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். அம்மா இறந்தபின் பூட்டிக் கிடந்த ஊரப்பாக்கம் வீட்டை விற்க, இரண்டு வார விடுப்பில் வந்திருக்கிறேன்.

மாலை ஆறேகால். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில், வீட்டுக்குத் திரும்பும் ரயிலுக்காக உட்கார்ந்திருக்கிறேன். கனடாவின் வடக்கே சின்ன விமானம் ஓட்டுபவன் நான். விடுப்பு முடியும்வரை என் இடத்துக்கு வந்திருக்கும் புது விமானிக்குக் குறிப்புகள் எழுதுகிறேன். வானமும் தரையும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தால் இறங்காதே, திரும்பிவிடு. ஈரச் சக்கரத்துக்கு பிரேக் போட்டு நிறுத்திவைக்காதே, உறைந்துவிடும்.

"இன்னா சார், பரீட்சையா?" என்கிறார் பக்கத்தில் கொய்யா விற்கும் அக்கா.

கடைசிக் குறிப்பை அவருக்குச் சொல்கிறேன். ஆளில்லாத பனித்தரையில் இறங்கியதும், எஞ்சினுக்குப் போர்வை போடும் முன்பே, சேர்ந்துவிட்டதாக விமானத் தளத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். அரை மணி தாமதித்தால் தேடக் கிளம்பிவிடுவார்கள்.

"அட, நம்ம மிஸ்டு காலு! எம் பொண்ணு வேலைக்குப் போய் சேந்தா டெய்லி ஒண்ணு குடுக்கும். நீ யாருக்குக் குடுப்ப?"

"யாரும் இல்லக்கா."

"அப்போ எனுக்குக் குடு. எத்தினி மணிக்குப் போய் சேருவ?"

"ஏழே கால்."

என் எண்ணைக் கேட்டு, தன் போனிலிருந்து ஒருமுறை அடிக்கவிடுகிறார்.

சரியாக ஏழே காலுக்குக் கதவைத் திறக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார் என்று அழைக்காமல் விடுகிறேன். போனை சைலண்டில் போட்டுப் படுக்கிறேன்.

காலையில் பார்த்தால் அவரிடமிருந்து நான்கு மிஸ்டு கால். முதலாவது ஏழே முக்காலுக்கு. பல் துலக்கும் முன்பே அவரை அழைத்து, "சேந்துட்டேன்க்கா" என்கிறேன்.