பூட்டிய வீடுகளில் எரிந்த பல்புகள்

டிப்ளமோ முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பேருந்துத் தடங்களுக்கான கணக்கெடுப்பு. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையடிவாரம் வரை ஊர் ஊராகப் போக வேண்டும். வீட்டுக்கு மூன்று கேள்விகள்: எத்தனை பேர், என்ன வருமானம், பேருந்தில் எங்கே போகிறீர்கள். நேரில் பார்த்தவர்களை மட்டுமே சேர்க்கலாம். ஆட்கள் குறைவாக இருந்தால் அந்த ஊருக்கு இனிமேல் பேருந்து வராது.

சங்கராபுரம் தாண்டி, தடத்தின் கடைசி ஊருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எல்லா வாசலிலும் பல்பு எரிந்தது. நல்லவேளை, எல்லாரும் இருக்கிறார்கள் என்று வண்டியை நிறுத்தினேன். முதல் வீட்டில் பூட்டு. அடுத்ததிலும் பூட்டு.

தெருக்கோடியிலிருந்து ஓர் அக்கா சாவிக்கொத்தோடு வந்தார். மாதக்கணக்கில் வெளியூருக்குக் கரும்பு வெட்டப் போகும் குடும்பங்கள் அவரிடம்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். கோழிகளுக்குத் தீனி வைப்பதும் சாயங்காலம் விளக்குப் போடுவதும் அவர் பொறுப்பு.

"ஆளே இல்லாத வூட்டுக்கு எதுக்குக்கா லைட்டு?"

"இருட்டா கெடந்தா அது வூடா? நூறு யூனிட்டு சும்மாதானே குடுக்குறாங்க. உனுக்கு இன்னா, உங்க வூட்டு கரண்டா?"

மறுநாள் காலையில் வீடுகளைக் குறித்துக்கொண்டேன். வருடா வருடம் ஊரில் தங்குகிறவர்கள் குறைய, வீடுகள் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தன. அக்கா ஒவ்வொன்றாகக் கை நீட்டிச் சொன்னார்: "அந்தச் செவுரு போன வருசக் கரும்பு. இந்தக் காங்கிரீட்டு அதுக்கு மொத வருசத்து." வருமானக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் எந்த ஊரிலும் கேட்டதில்லை.

பேருந்து விதியைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அவர் மகள் அதில்தான் கள்ளக்குறிச்சிக் கல்லூரிக்குப் போகிறாள். ஊரில் வேறு பேருந்து கிடையாது. உடனே கரும்பு வெட்ட ஆட்களைக் கூட்டிப்போன மேஸ்திரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"எல்லாரையும் ஏத்திக்கினு வாய்யா."

"ஒரு நாள் கூலி போயிடும். ஆலைக்காரன் இன்னா கத்து கத்துவான் தெரியுமா?"

"கத்தட்டும். நாளைக்கு உன் பொண்ணும் இதே பஸ்ஸுலதான் படிக்கப் போவணும்."

மேஸ்திரி அங்கே யாரிடமோ கிழமையைக் கேட்டார். பிறகு, "ஞாயித்துக்கெழமைக்கு வரோம்" என்றார்.

ஞாயிறு காலையில் லாரி வந்து நின்றது. கைக்குழந்தைகள், கிழவர்கள், பாத்திர மூட்டை, கயிற்றில் கட்டிய ஒரு நாய். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அத்தனை பேரும் இந்தச் சின்னத் தெருவைச் சேர்ந்தவர்கள் என்று நம்ப எனக்கு நேரம் பிடித்தது. அவரவர் சாவியை வாங்கி, கதவைத் திறந்து, வாசலில் குடும்பமாக நின்றார்கள். ஒருவருக்குப் புது வீட்டின் கடைக்கால் மட்டுமே முடிந்திருந்தது. பக்கத்திலேயே தன் குடிசை இருந்தும், மனைவி பிள்ளைகளோடு அதன் மேல்தான் ஏறி நின்றார்.

"உள்ள வாங்க மேடம், இதான் அடுப்படி!"

"செருப்பக் கழட்டிட்டு வரச் சொல்லு," என்றார் அவர் மனைவி. தெருவே சிரித்தது. நான் நிஜமாகவே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன்.

மத்தியானம் லாரி திரும்பிப் போனது. சாவிகள் மறுபடி அக்காவிடம் வந்தன.

அந்தத் தடத்தில் பேருந்து இப்போதும் ஓடுகிறது. அடுத்த கரும்பு வெட்டுக் காலத்தில் ஒரு சாயங்காலம் அதில் போனேன். கடைசி நிறுத்தத்தில் நானும் அக்காவின் மகளும் மட்டுமே இறங்கினோம். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். இரண்டு பக்கமும் பூட்டிய வீடுகள். எல்லா வாசலிலும் விளக்கு.