நடுவீட்டு பல்பு

இண்டூரில் வீடு வீடாகப் போய் ரத்தக் கொதிப்பு பார்ப்பது என் வேலை. அங்கே ஒருவர், வீட்டுக்குள்ளேயே வெயிலில் நிற்பவரைப் போல நெற்றியில் கை வைத்துத்தான் என்னைப் பார்ப்பார். ஐம்பது வயதிருக்கும். கண்கள் சிவந்து கிடக்கும்.

அந்தக் கண்கூச்சத்துக்குக் காரணம் நடுவீட்டில் தொங்கிய எல்.இ.டி. பல்பு. மனைவி இறந்தபோது தலைமாட்டில் வைத்த விளக்கு காற்றில் அணைந்துகொண்டே இருந்ததாம். கருமாதி வரை அணையக் கூடாதே என்று உறவினர்கள் பல்பை மாட்டிவிட்டார்கள். கருமாதி முடிந்து மாதங்கள் ஆகியும் அது இரவும் பகலும் எரிந்தது. அதன் அடியில்தான் பாய் போட்டுப் படுப்பார்.

"தூக்கமே இல்லீங்க நர்சம்மா," என்றார். கொதிப்பும் ஏறியிருந்தது.

"ராத்திரியெல்லாம் வெளிச்சம் இருந்தா உடம்புக்குப் பகல் எது, ராத்திரி எதுன்னே தெரியாதுங்கண்ணா. லைட்டை நிறுத்திட்டுப் படுங்க. காலையில கொஞ்ச நேரம் வெயில்ல உக்காருங்க."

அடுத்த முறை போனபோது பல்பு எரியவில்லை. வாசலில் இளவெயிலில் உட்கார்ந்திருந்தார். கொதிப்பு இறங்கியிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

"தூக்கம் வருதுங்களா?"

"வருதுங்க. லைட்டு எரிஞ்ச வரைக்கும் எல்லாம் ஒரே நாளாட்டம் இருந்துச்சு. இப்ப தெனமும் விடியுது. எந்திரிச்சதும் அடுப்படியப் பாத்து, டீ போடச் சொல்லி அவளைக் கூப்புடறேனுங்க."

இப்போதும் யாரிடமாவது விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கச் சொல்லும் முன், காலையில் அவர்களுக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.