கரகரப்புக்கு ஒரு கிரேக்கச் சொல்

பாதிரியாராகப் படிக்கக் குருமடத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். அங்கிருந்து நான் கொண்டுவந்தது ஒரே ஒரு கிரேக்கச் சொல். எங்களுக்குக் கிரேக்கம் கற்பித்த ஃபாதர் ஆளுக்கொரு பெயரடையைக் கொடுத்து, ஆண்டு முழுக்க அதன் பின்னாலேயே போகச் சொன்னார். பக்கத்தில் இருந்தவனுக்கு ‘அழகிய’ என்பது கிடைத்தது. எனக்கு விழுந்தது ‘த்ராக்கூஸ்’. கரடான என்று பொருள். அன்றைக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

பின்னாலேயே போன பிறகுதான் அது எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது. கல் நிறைந்த நிலத்துக்கும் அதுதான், ஏறுவதற்குச் சிரமமான பாதைக்கும் அதுதான். நாம் முரட்டு ஆள் என்கிறோமே, அவனுக்கும் அதே சொல். கொந்தளிக்கும் கடல், ஈவிரக்கமில்லாத அரசனின் பேச்சு, மீசை அரும்பும் வயதில் உடைகிற குரல், எல்லாமே த்ராக்கூஸ். பழைய கடற்பயணக் கதை ஒன்றில் கப்பல் மோதிவிடுமோ என்று மாலுமிகள் நடுங்குகிற பாறைத் தரைக்கும் இதே பெயர். எங்கள் கடற்கரைப் பக்கம் அந்தப் பாறைத் தரைக்குப் ‘பார்’ என்று பெயர். அவர்கள் பயந்து விலகிய இடத்தை எங்கள் மீனவர்கள் தேடிப் போவார்கள், ஏனென்றால் மீன் அங்கேதான் கிடக்கும். தொட்டால் சொரசொரப்பு, கேட்டால் கரகரப்பு, நடந்தால் கரடுமுரடு என்று நாம் பிரித்து வைத்திருப்பதை எல்லாம் கிரேக்கர்கள் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். அது சிக்கனமா சோம்பலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குருமடத்தை விட்டு வந்து பள்ளி ஆசிரியரானேன். ராமேஸ்வரம் தீவில் பெண் பார்க்கப் போனபோது, அடுப்படிக்குள்ளிருந்து, “காப்பிக்குச் சீனி எம்புட்டுன்னு கேளுங்க” என்று ஒரு சத்தம் வந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்த குரல். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டேன்.

இப்போது காரங்காட்டில் இருக்கிறோம். அலையாத்திக் காட்டுக்குள் சுற்றுலா வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போய் விளக்கம் சொல்லும் வேலை என் மனைவிக்கு. இஞ்சின் சத்தத்துக்கும் காற்றுக்கும் மேலே பேச வேண்டும். அவளுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. மாதா கோயில் பாடகர் குழுவில் சேரப் போனவளை, “நீ பீடத்துக்குப் பூ வைக்கிறதப் பாத்துக்கம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்லி அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள்.

போன வருஷம் அந்தக் குரல் அறுந்து அறுந்து வர ஆரம்பித்தது. ராமநாதபுரத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார். துடுப்புப் பிடிக்கிற கையில் வருவதைப் போலக் குரல் நாணில் இரண்டு காய்ப்பு.

“பயப்படுற மாதிரி எதுவும் இல்ல. பதினஞ்சு நாள் ஒரு வார்த்த பேசக்கூடாது. குசுகுசுன்னும் பேசக்கூடாது. அப்புறமும் வேணும்னா சின்ன ஆபரேஷன். குரல் நல்லா வழுவழுன்னு ஆயிரும்” என்றார்.

என் மனைவியின் முகம் மலர்ந்தது. எனக்குப் பயம் வந்தது. அந்தக் குரல் போய் வேறொரு குரல் வீட்டுக்கு வந்தால் நான் என்ன செய்வேன்? அதைச் சொல்ல வாய் வரவில்லை. அது அவளுடைய தொண்டை.

அந்தப் பதற்றத்தில்தான் உளறினேன். சுவரில் தொண்டையின் படம் தொங்கியது. மூச்சுக்குழாய்க்கு நேரே ட்ரக்கியா என்று எழுதியிருந்தது. விட்டுவிட முடியுமா? விரலை நீட்டி, “டாக்டர், இது கிரேக்கச் சொல்லு. த்ராக்கூஸோட பெண்பால். கரடானவள்னு அர்த்தம்” என்றேன்.

நான் காட்டியது படத்தை. விரலுக்கும் படத்துக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும் பேருந்தில் விளக்கினேன். அந்தக் காலத்து வைத்தியர்கள், மேடும் பள்ளமுமாக வளையம் வளையமாக இருப்பதால் மூச்சுக்குழாயைக் கரடான குழாய் என்றார்கள். குழாய் என்ற சொல் அவர்களுக்குப் பெண்பால். பிறகு குழாய் உதிர்ந்துபோய்ப் பெயரடையே பெயராக நின்றுவிட்டது. நான் இலக்கணம் சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேறு நாளாக இருந்தால் பத்து நிமிஷம் கத்தித் தீர்த்துவிட்டு, சோறு போட்டிருப்பாள். இப்போது பேசக்கூடாது. கோபத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். பாத்திரங்கள்தான் வாங்கிக்கட்டிக்கொண்டன. மகள் மதுரையில் படிக்கிறாள், அதனால் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அடுத்த அறையிலிருந்து என் போனுக்கு ‘மோட்டார்’ என்று ஒரு செய்தி வரும், எழுந்துபோய் மோட்டாரை நிறுத்துவேன். ‘புளி’ என்று வரும், கடைக்குப் போவேன். அவள் குரல் இல்லாமல் இந்த வீட்டை நான் பார்த்ததில்லை. சகிக்கவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம், அவள் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்ற தைரியத்தில், சுற்றுலா வந்த ஒருவர் அனுப்பியிருந்த வீடியோவைப் போட்டுக் கேட்டேன்.

“கையத் தண்ணிக்குள்ள விடாதீக. அங்கன பாருங்க, சேத்துல ஆணி அடிச்ச மாதிரி நிக்குதுல்ல, அம்புட்டும் வேரு. மரம் அது வழியாத்தான் மூச்சு விடும். அண்ணே, எந்திரிக்காதீக, படகு ஆடுது!”

மூன்றாம் முறை போடும்போது வாசற்படியில் துணியோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. திருட்டுத்தனம் பிடிபட்டுவிட்டது. இனி மறைத்து என்ன?

“ஆபரேஷன் பண்ணி இந்தக் குரல் போயிருமோன்னு பயமா இருக்கு. எனக்கு இதுதான் புடிச்சிருக்கு. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கிருந்தே புடிச்சிருக்கு. உன் தொண்ட, உன் இஷ்டம். சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்” என்றேன்.

துணியைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தன் போனை எடுத்தாள். தட்டினாள். என் கையில் இருந்த போன் அதிர்ந்தது.

‘இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? கிரேக்கம் எதுக்கு?’

அன்றைக்கு டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். பாத்திரங்கள் அதற்குப் பிறகு சத்தம் போடவில்லை.

பதினாறாம் நாள் மருத்துவர் மறுபடி கேமராவை விட்டுப் பார்த்தார். “காய்ப்பு நல்லா வத்திருச்சு. கரகரப்பு மட்டும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதுவும் வேண்டாம்னா ஆபரேஷன்ல சரி பண்ணிரலாம். இனி பேசலாம், நீங்களே சொல்லுங்க. என்ன செய்யலாம்?”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு, கொஞ்சம் மெலிந்து, ஆனால் அதே குரல் வந்தது.

“வேண்டாம் டாக்டர். இந்தக் குரலக் கேக்காம பதினஞ்சு நாளா இவுக காஞ்சுபோய்க் கெடக்காக.”

மருத்துவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, “சார் என்ன சொல்றீங்க?” என்றார். இந்தத் தடவை விரலை நேராக அவள் பக்கமே நீட்டி, “அவ சொன்னதுதான்” என்றேன்.