இருபத்தேழாவது கையெழுத்து

ஜெர்மனியின் ஊல்சன் நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஹார்ட்முட் ஒல்கர்ஸ் இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் தேய்த்த கண்ணாடியைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. அவனைப் பற்றியும் சொன்னதில்லை. சொல்லுமளவுக்கு யாருக்கும் அவனைத் தெரியாது.

வீட்டில் ஓர் ஆல்பம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஒரே படைப்பிரிவில் பறந்து, கழுத்தில் சிலுவைப் பதக்கம் வாங்கிய சண்டை விமானிகள் இருபத்தேழு பேர். இருபத்தாறு பேருடைய படங்கள், அவரவர் கையெழுத்தோடு. விமானத்தின் வாலில் இருக்கும் ஸ்வஸ்திகாவின் மேல் ஒவ்வொன்றிலும் வட்டமான வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தான். நாஜிச் சின்னத்தைக் காட்டக் கூடாது, சட்டம் அப்படி. பழம்பொருள் சந்தையில் மற்றவர்கள் அந்த இடத்தில் விலைச்சீட்டை ஒட்டுவார்கள். அவனுடையவை விற்பனைக்கு இல்லை.

ஒவ்வொரு விமானிக்கும் படம் இரண்டு பிரதி அனுப்புவான், ஒன்று அவருக்கு, ஒன்று கையெழுத்துக்கு. தபால்தலை ஒட்டிய உறை. 'மதிப்புக்குரிய கேப்டன் அவர்களே' என்று தொடங்கும் இரண்டு பக்கக் கடிதம். எல்லாம் கையால் எழுதியது. மனைவி இருந்த காலத்தில் ஒருநாள் சொன்னாள்: "உயிரோட பக்கத்துல இருக்கறவகிட்ட ஒரு வார்த்தை கிடையாது. கிழவனுங்களுக்குப் பக்கம் பக்கமா எழுதறே." அவள் விட்டுப்போய் ஒன்பது வருஷம். அவள் கிளம்பிய மாதத்தில் இரண்டு நல்ல கையெழுத்துகள் வந்திருந்தன.

பக்கவாதம் வந்த ஒருவர் போட்டு அனுப்பிய கையெழுத்தில் கோடு நடுங்கியிருந்தது. ஹார்ட்முட் லென்ஸ் வைத்துப் பார்த்தான். புதுப் பிரதி ஒன்றை வைத்து, 'இன்னொரு முறை முயல முடியுமா' என்று பணிவாக எழுதினான். அந்த மனிதர் முயன்றார். பரவாயில்லாமல் வந்தது. மூன்றாம் வாரம் இறந்தார். நல்லவேளை, என்று நினைத்துக்கொண்டான்.

மாதம் ஒருமுறை மதுவிடுதியின் பின்கூடத்தில் சேகரிப்பாளர்கள் கூடுவார்கள். ப்ரூனிங் என்ற கோழிப்பண்ணைக்காரன் அவனுடைய ஆல்பத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில் நிறுத்துவான்.

"இன்னும் காலியாத்தான் இருக்கு. முன்பல்லு போனவன் மாதிரி சிரிக்குதுய்யா உன் ஆல்பம்."

"வரும்."

"ரெடர்சன் யாருக்கும் கையெழுத்துப் போட்டதில்ல. செத்தா அதையும் அவரோட சேத்துப் புதைச்சுடுவாங்க. நீ மண்வெட்டிய எடுத்துக்கிட்டுப் போ."

மேசையே சிரித்தது. ஹார்ட்முட்டும் சிரித்தான். வீடு திரும்பும்வரை காது எரிந்தது.

கேப்டன் ஆர்னுல்ஃப் ரெடர்சனுக்கு ஐந்து முறை எழுதியாயிற்று. பதில் இல்லை. ஒன்றை மட்டும் அவன் எழுதாமல் வைத்திருந்தான்: அவனுடைய அப்பா குஸ்டாவ்தான் ரெடர்சனின் விமானத்துக்கு மெக்கானிக்.

அப்பா மாடியறையில் இருந்தார். எழுபத்தைந்து வயது. இடது காலில் விரல்கள் கிடையாது. ரெடர்சன் விஷயத்தை மகனுக்கு ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். நாற்பத்துநாலு வசந்தத்தில் ஒருநாள் ரெடர்சன் சண்டை நடுவில் திரும்பி வந்துவிட்டார். கூடப் பறந்த பத்தொன்பது வயதுப் பையன் தனியாக மாட்டி எரிந்து விழுந்தான். என்ஜினில் எண்ணெய் அழுத்தம் இறங்கிவிட்டது என்றார் ரெடர்சன். அன்று மாலை குஸ்டாவ் அதே என்ஜினை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அதைச் சொன்னார். நாலாம் நாள், கவனக்குறைவு என்று எழுதி அவரைக் கிழக்கே தண்டனைப் படைக்கு அனுப்பினார்கள். கால்விரல்கள் அங்கே பனியில் போயின.

"அவனுக்கு அப்ப தொண்டை வலி" என்றார் அப்பா. கழுத்துப் பதக்கத்துக்கு ஏங்குகிறவர்களை மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்வார்கள். "மூணு வாரத்துல குணமாயிடுச்சு. தொங்கவிட்டுட்டாங்க."

ஆறாவது கடிதத்தில் ஹார்ட்முட் எழுதினான்: நான் உங்கள் மெக்கானிக் குஸ்டாவ் ஒல்கர்ஸின் மகன்.

ஐந்தாம் நாள் ரெடர்சனின் பதில் வந்தது: படைப்பிரிவின் வரலாற்றைப் பழைய வீரர்கள் புத்தகமாகப் போடுகிறார்கள். அந்த நாளைப் பற்றிச் சிலர் அசிங்கமாகப் பேசுகிறார்கள். என்ஜின் பழுதாகத்தான் இருந்தது, தவறு தன்னுடையது என்று உங்கள் தந்தை எழுதித் தந்தால் நல்லது. வாசகம் இணைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போதும். நீங்கள் கேட்ட படத்துக்கு நானும் மகிழ்ச்சியோடு போட்டுத் தருவேன்.

ஹார்ட்முட் இரண்டு முறை படித்தான். பிறகு மாடிக்குப் போனான்.

"ரெடர்சன் உன்னைப் பாக்கணுமாம்பா. மன்னிப்புக் கேக்கணும்னு எழுதியிருக்கார்."

கிழவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மன்னிப்புன்னே எழுதியிருக்கானா?"

"அப்படித்தான்."

ஞாயிற்றுக்கிழமை அப்பா இரண்டு முறை முகச்சவரம் செய்துகொண்டார். சாவு வீட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டார். ரெடர்சன் இருந்த பாட் பிர்மோன்ட் ஊருக்குப் போகும் இரண்டு மணி நேரமும் காரில் பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவு பேசி ஹார்ட்முட் கேட்டதில்லை.

"அவனுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், பாத்துக்க. மூணாவது வார்த்தைல தடுக்கும். நான் விடமாட்டேன். 'போகட்டும் கேப்டன்'னு நடுவுலயே சொல்லிடுவேன். வயசான மனுஷனைப் போய் முழுசா சொல்ல வைக்கிறது என்ன மரியாதை?"

ஹார்ட்முட் கியர் மாற்றினான்.

ரெடர்சன் வாசலுக்கே வந்து கைகொடுத்தார். உயரம் குறையாத மனிதர். "வாங்க ஒல்கர்ஸ்! கிழவனாயிட்டீங்களே."

"நீங்களுந்தான், கேப்டன்."

காபி வந்தது, பிளம் கேக் வந்தது. குஸ்டாவ் கேக்கைத் தொடாமல் கைகளை முழங்காலில் வைத்துக் காத்திருந்தார். ரெடர்சன் தட்டை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் தட்டச்சு செய்த தாளையும் பேனாவையும் வைத்தார்.

குஸ்டாவ் படித்தார். உதடு அசைய, வரிவரியாக. பிறகு மகனைப் பார்த்தார்.

"நீ இதைப் படிச்சியா?"

"படிச்சேன்பா."

"வர்றதுக்கு முன்னாடியேவா?"

ஹார்ட்முட் மேசைவிரிப்பைப் பார்த்தான். "நாப்பது வருஷம் ஆச்சுப்பா. யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு கையெழுத்துதானே."

குஸ்டாவ் எழுந்தார். கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டார். "என்ஜின் நல்லா இருந்துச்சு, கேப்டன்" என்றார். அதே வாக்கியத்தை நாற்பது வருஷத்துக்கு முன்பு சொன்ன அதே குரலாக இருக்க வேண்டும். வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

ரெடர்சன் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து ஹார்ட்முட் அனுப்பிய படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். தாள் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். நடுவில் பேனா.

"இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க" என்றார்.

அப்பாவின் ஓய்வூதியப் படிவங்களை நிரப்புகிறவன் ஹார்ட்முட்தான். அந்தக் கையெழுத்து அவனுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். முதலெழுத்தின் வயிறு பிதுங்கும், கடைசி எழுத்து மேலே ஏறாமல் நின்றுவிடும். காற்றில் ஒருமுறை போட்டுப் பார்த்தான். பிறகு தாளில் போட்டான். நடுங்காமல் வந்தது. ரெடர்சன் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை வாங்கித் துடைத்தார். படத்தில் அகலமாக, நீல மையில் தன் பெயரை எழுதினார்.

"காயட்டும், தொடாதீங்க" என்றார்.

திரும்பும் வழியில் அப்பா தூங்கிவிட்டார், அல்லது கண்ணை மூடியிருந்தார். அடுத்த கூட்டத்தில் ப்ரூனிங் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்த பிறகே ஓரத்தைத் தொட்டான். "எப்படிய்யா?" என்றான். ஹார்ட்முட் சொல்லவில்லை. அவன் வாழ்க்கையிலேயே நல்ல மாலை அது. மூன்று பேர் அவனுக்கு பீர் வாங்கிக் கொடுத்தார்கள்.

மறுவருஷம் புத்தகம் வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தத் தாளை அப்படியே படமெடுத்துப் போட்டிருந்தார்கள், கையெழுத்தோடு. வீட்டுக்கு வந்த பிரதியை அப்பா கண்ணில் படாமல் ஹார்ட்முட் கடைப் பின்னறையில் வைத்துவிட்டான்.

நவம்பரில் ஒரு பெண் வந்து மணியடித்தாள். அறுபதைத் தாண்டியவள். நனைந்த கோட்டு, கையில் புத்தகம்.

"ஹெட்விக் டாம்கே. செத்துப்போன பையனோட அக்கா" என்றாள். "அந்த மெக்கானிக் உயிரோட இருக்காரா?"

பேச்சுச் சத்தம் கேட்டு அப்பா படியில் பாதிவரை இறங்கி வந்திருந்தார். அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். குஸ்டாவ் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"இது நான் போட்டதில்லம்மா" என்றார். "என்ஜின் நல்லா இருந்துச்சு. உங்க தம்பிய விட்டுட்டு அவன் திரும்பி வந்துட்டான்."

அவள் விரலால் அந்தப் பக்கத்தைத் தட்டினாள். "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, இப்ப என் மூஞ்சியப் பாத்ததும் இல்லைங்கிறீங்களா?" அவள் ஹார்ட்முட் பக்கம் திரும்பினாள். "நீங்க மகன்தானே? சொல்லுங்க. இது இவர் போட்டதா இல்லையா?"

அப்பா அவனைப் பார்த்தார். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தார்.

ஹார்ட்முட் புத்தகத்தை வாங்கிச் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தான். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். முதலெழுத்தைப் பார்த்தான், கடைசி எழுத்தைப் பார்த்தான். தேவையான நேரம் எடுத்துக்கொண்டான்.

"இவர் போட்டதுதான்" என்றான். "இருபது வருஷமா எனக்கு இதான் வேலை. கையெழுத்துல நான் தப்பு பண்ணதில்ல."

அவள் தலையாட்டினாள். படியில் நின்றவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கம்மா எழுபத்திரண்டு வயசு வரைக்கும் இருந்தா" என்றாள். "கடைசிவரைக்கும், அவனோட விமானத்தை யாரோ சரியாப் பாக்கலன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அது வேற விமானம், இருந்தாலும் அவ சொன்னது சரிதான்."

குஸ்டாவ் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மேலே ஏறத் தொடங்கினார்.

அவள் புத்தகத்தைப் பையில் வைத்தாள். வலது கையுறையைக் கழற்றி ஹார்ட்முட்டுக்குக் கைகொடுத்தாள்.

"பெத்த அப்பனாச்சேன்னு நீங்க மறைக்கல" என்றாள். "அது போதும் எனக்கு."