அங்க அடையாளம்: வலது கண் பார்வையில்லை

குதிரைகளின் துயரத்தைப் பற்றி நான் முதல் துண்டறிக்கை எழுதியபோது, உயிருள்ள குதிரை ஒன்றை ஒரு முறைகூடத் தொட்டதில்லை. எங்கள் பக்கம் ஏர் இழுப்பதும் மாடு, வண்டி இழுப்பதும் மாடு. குதிரை என்றால் மாயவரம் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஜட்கா குதிரை. இல்லாவிட்டால் அய்யனார் கோயிலில் சுண்ணாம்பு உதிர்ந்து நிற்கும் மண்குதிரை. இரண்டில் மண்குதிரையைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். அது கொள்ளு கேட்பதில்லை.

ஆனாலும் எழுதினேன். "புண்பட்ட புரவிக்குப் புகலிடம் தருவோம்! புல்லும் புனலும் பொழுதெல்லாம் அளிப்போம்! கசாப்புக் கத்திக்குக் கொடுக்க மாட்டோம்! கடைசி மூச்சு வரை காப்போம்!" அந்தக் காலத்தில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கருமாதிப் பத்திரிகை வரை அடுக்குமொழிதான். அது வராதவனை எந்த மேடைக்கும் அருகில் சேர்க்க மாட்டார்கள். எனக்கு அது தண்ணீராக வந்தது. எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் லோயர், அடுக்குமொழி ஆகிய தகுதிகளைப் பார்த்து எங்கள் ஊர்ப் பண்ணையார் என்னைத் தம் அறக்கட்டளைக்கு எழுத்தராக எடுத்துக்கொண்டார். என் அப்பா அவர் வீட்டில் பண்ணையாளாக இருந்து செத்தவர். அக்கா அவர் வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் ஒரு தகுதிதான். அதிகாரிகள் வந்தால், நம்ம ஆள் வீட்டுப் பையனுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறேன் பாருங்கள் என்று காட்டலாம். அதிகாரி இருக்கும்வரை நான் தம்பி. ஜீப் தெரு முனை திரும்பியதும் டேய்.

அறக்கட்டளை பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கார் நில உச்சவரம்பைக் குறைத்த வருஷங்கள் அவை. பண்ணையார் அதற்குள் கதரை மடித்து பீரோவில் வைத்துவிட்டுக் கரைவேட்டிக்கு மாறியிருந்தார். வேட்டிக் கரை மாறியது, வயல் வரப்பு ஓர் அங்குலம் மாறவில்லை. மனைவி, மைத்துனர், சமையற்காரர், காசிக்குப் போய்த் திரும்பாத சித்தப்பா என்று பினாமிக்குக் கிடைத்த பெயரையெல்லாம் எழுதி முடித்த பிறகும் வாய்க்காலை ஒட்டிய நல்ல நிலம், ஒரே பரப்பாக ஒரு தாக்கு, மிஞ்சி நின்றது. தர்மத்துக்கு எழுதிவைத்தால் தப்பும் என்றார் தஞ்சாவூர் வக்கீல் ஒருவர். எந்த தர்மம் என்பதில்தான் சிக்கல். கோயிலுக்கு எழுதினால் அறநிலையத் துறை வந்து உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடம் என்றால் பிள்ளைகள் வரும். அதிலும் எங்கள் தெருப் பிள்ளைகள் வந்து தொலைக்கும். அநாதை இல்லம் மூன்று வேளை சாப்பிடும். கடைசியில் வயதான குதிரைகள் தேறின. குதிரை மனுப் போடாது, சங்கத்தில் சேராது, கொடி பிடிக்காது என்று பண்ணையார் என் முன்னாலேயே சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் எரிச்சலாக இருக்கிறது.

புகலிடத்தில் சேர்ந்த முதல் குதிரை, அவர் தகப்பனாரின் சாரட்டை இழுத்து ஓய்ந்து, எங்கள் கண்ணில் படாமல் பண்ணை வீட்டுக் கொல்லையில் கட்டிக் கிடந்தது. பத்திரம் பதிவான மறுவாரமே தரகர் ஒருவர் அதை லாரியில் ஏற்றினார். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன். சர்க்கஸுக்கு என்றார். இந்த வயதில் இது என்ன வித்தை காட்டும் என்றேன். வித்தை காட்ட அல்ல, சிங்கத்துக்கு என்று பொறுமையாக விளக்கினார். கசாப்புக் கத்தியைக் கண்டித்த துண்டறிக்கைக் கட்டு அப்போது என் கக்கத்தில்தான் இருந்தது. அந்த மாத அறிக்கையில், குதிரைக்கு வேளை தவறாமல் கொள்ளும் புல்லும் கொடுத்ததாக டைப் அடித்தேன். அடுத்த மாதமும் அடித்தேன். புதிதாக லாடம் கட்டியதாக என் சொந்தக் கற்பனையில் ஒரு வரியும் சேர்த்தேன்.

அக்கா விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தாள். என்னைக் குதிரைக் கணக்கப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவாள். குதிரையே இல்லாத குதிரை தர்மத்தை ரத்து செய்து நிலத்தை நிலமில்லாதவர்களுக்குக் கொடுங்கள் என்று சங்கம் மனுக் கொடுத்தது. விசாரணைக்கு அதிகாரி வருவதாகத் தாக்கீது வந்தது. பண்ணையார் அலட்டிக்கொள்ளவில்லை. மாயவரத்திலிருந்து வயதான ஜட்கா குதிரை ஒன்றை ஒரு நாளைக்கு வாடகைக்குக் கொண்டுவரச் சொல்லி என்னை அனுப்பினார். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுக்கிற மாதிரி.

தேடிப் பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் நின்றவற்றில் பாதிக்கு விலாவை எண்ணலாம். சேணம் உரசிய இடமெல்லாம் புண், புண்ணின் மேல் மஞ்சள், மஞ்சளின் மேல் ஈ. புண்பட்ட புரவி என்று நான் எழுதியது மோனைக்காக. புண் நாறும் என்பது அன்றுதான் தெரிந்தது.

ஓரமாக ஒரு வெள்ளைப் பெண் குதிரை நின்றது. வலது கண் வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல இருந்தது. அதன் உதட்டைத் தூக்கிப் பல் பார்த்துக்கொண்டிருந்தவர் நம் தரகரேதான். வியாழக்கிழமை வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். குதிரைக்காரர் ஒரு வயதான பாய். இந்தக் குதிரைக்கு இனி லைசென்ஸ் கிடையாது என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்களாம். அவர் கூத்தாநல்லூரில் மகன் வீட்டோடு போய்விடப் போகிறார். அங்கே அவருக்கே ஒரு பாய் விரிக்கத்தான் இடம். ஒரு நாள் வாடகை விஷயத்தைச் சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் துண்டறிக்கை ஒன்றை நீட்டினேன். படித்துக் காட்டச் சொன்னார். ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். கடைசி வரியை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"நெசமாவா தம்பி?"

"நெசந்தான் பாய்" என்றேன். எனக்கு வந்த வேலை முடிய வேண்டுமே.

விசாரணை நாளன்று களத்தில் கூட்டம். சங்கத்து ஆட்கள் ஒரு பக்கம், பண்ணை ஆட்கள் ஒரு பக்கம், நடுவில் குதிரை. மேய்ச்சல் நிலம் என்று பத்திரத்தில் இருக்கிறது, குறுவை நெல் நிற்கிறதே என்று அதிகாரி கேட்டார். குதிரைக்கு வைக்கோல் வேண்டாமா, நெல் விளையாமல் வைக்கோல் எங்கிருந்து வரும் என்று பண்ணையார் திருப்பிக் கேட்டார். அதாவது அவருக்கு வேண்டியது வைக்கோல்தான். நெல் பாவம், கூடவே வந்துவிடுகிறது. அதிகாரி சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பத்திரத்தைச் சபையில் வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன். நிழல், தண்ணீர், கொள்ளு, வைத்தியம், கடைசி மூச்சு. பண்ணையார் கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்பவர் போலத் தலையை ஆட்டினார். பிறகு அதிகாரி குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து அங்க அடையாளம் சொல்ல, ரிஜிஸ்தரில் எழுதினேன். வெள்ளை நிறம். பெண். வலது கண் பார்வையில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, பாயைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டார். பண்ணையின் குதிரைக்காரர் என்று சொல்லும்படி பாய்க்கு நான் முன்னதாகவே பாடம் சொல்லிவைத்திருந்தேன்.

பாய் கயிற்றைக் கொண்டுபோய்ப் பண்ணையார் கையில் வைத்தார்.

"இதுவரைக்கும் எங்குதிரைங்க. இன்னிக்கு ஐயாவோட தர்மத்துல சேத்துட்டேன். கடைசி மூச்சு வரைக்கும்னு தம்பி ரெண்டு தடவ படிச்சுக் காட்டுச்சு."

பண்ணையார் கையில் கயிறு. எதிரில் அதிகாரி. சுற்றிலும் ஊர். கயிற்றை விடவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பழைய குதிரை என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு, வயதாகி இறந்துவிட்டது என்று அந்த இடத்திலேயே அதற்கு இரண்டாவது சாவு கொடுத்தார். எந்தப் பக்கத்தையும் பகைத்துக்கொள்ள விரும்பாத அந்த அதிகாரி ஒரு வழி கண்டுபிடித்தார். இந்தக் குதிரை உயிரோடு உள்ளவரை நிலத்துக்கு விலக்கு உண்டு. அது போனால் மறு விசாரணை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்வையிட வருவார்கள்.

அன்று முதல் அந்த வட்டாரத்தில் எந்த உயிருக்கும் கிடைக்காத கவனிப்பு அந்தக் குதிரைக்குக் கிடைத்தது. ஓடு வேய்ந்த கொட்டகை, வேளாவேளைக்குக் கொள்ளு, கொசுவுக்குப் புகை, மாயவரத்திலிருந்து கால்நடை டாக்டர். காலையில் பண்ணையார் காபி குடிப்பதற்கு முன் கொட்டகைக்கு வந்து, சாப்பிட்டதா, சாணம் போட்டதா என்று விசாரிப்பார். ஜீவகாருண்யம் ஒரு மனிதருக்கு வருவதற்கு எத்தனையோ வழி. இவருக்கு வாய்க்கால் ஓரத்து நிலத்தின் வழியாக வந்தது. எங்கள் தெருக் கூரைகள் அந்த ஐப்பசியிலும் வழக்கம்போல ஒழுகின. அக்கா சொன்னாள்: "அது இருமுனா டாக்டர் வர்றாரு. நாம இருமுனா தள்ளி நின்னு இருமச் சொல்றாங்க."

நான் எழுதிய பொய்கள் வரிசையாக உண்மையாகிக்கொண்டு வந்தன. புண் ஆறியது. விலா மறைந்தது. குருட்டுக் கண் பக்கமாகப் போகும்போது முதலில் குரல் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் தொட வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். கூத்தாநல்லூரிலிருந்து பாய் மாதம் ஒரு முறை பஸ் ஏறி வந்து, அதன் கழுத்தில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். அந்தக் குதிரையின் மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. அதை வீட்டில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் கணக்கு மிக எளிது. அது பிழைத்திருந்தால் நிலம் பண்ணையாருக்கு. செத்தால் ஒருவேளை எங்களுக்கு. சங்கத்தில் அதன் ஆயுளைப் பற்றி வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசிய அக்காதான் சாயங்காலம் வேலை விட்டு வரும்போது ஒரு கட்டு அறுகம்புல்லை அதன் முன் போட்டுவிட்டு வருவாள். கேட்டால், வரப்பை எப்படியும் செதுக்கித்தானே ஆக வேண்டும் என்பாள்.

மூன்றாம் வருஷம், சம்பா நடவு முடிந்த ஒரு காலையில் படுத்த குதிரை எழுந்திருக்கவில்லை. தலையை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி வாக்கில் மூச்சு நின்றது. நான் அழுதேன். பண்ணையாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு தாக்கு நிலம் செத்திருந்தது. கொட்டகைக் கதவைச் சாத்திப் பூட்டி, யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தரகருக்கு ஆள் அனுப்பினார்.

மத்தியானம் ஆபீஸ் அறையில் பேச்சு நடந்தது. நான் அங்கே இருப்பதை, நாற்காலி இருப்பதாகத்தான் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். மாயவரம் ஸ்டேஷனில் இன்னொரு வெள்ளைப் பெண் குதிரை இருக்கிறது, வயது குறைவு, ஜட்காக்காரரிடம் பேசி முடித்துவிடலாம் என்றார் தரகர். பண்ணையார் ரிஜிஸ்தரைப் புரட்டினார்.

"அதுக்குக் கண்ணு ரெண்டும் நல்லாருக்குமே. இதுல வலது கண்ணு இல்லைன்னு எழுதியிருக்கு."

"அது ஒரு விஷயமே இல்லீங்க. ஊசி இருக்கு. லாரியில ஏத்துறதுக்கு முன்னாடியே முடிச்சுக் கொண்டாந்துடுறேன்."

பண்ணையார் கொஞ்சம் யோசித்தார். அவர் மனசாட்சி வேலை செய்ததை நானே கண்ணால் பார்த்தேன்.

"வலிக்காமப் பண்ணுங்க. தர்ம காரியம்."

அந்த மாத அறிக்கையில் குதிரை நலம் என்று அடிக்கும்படி எனக்கு உத்தரவு. மெஷினில் தாளைச் செருகி அடித்தேன். "வெள்ளைப் பெண் குதிரை, வலது கண் பார்வையில்லை, இன்று காலை எட்டு மணிக்கு இறந்தது. அடக்கம் செய்யப்படவில்லை. நேரில் பார்வையிடலாம்." அடுக்குமொழியே இல்லாமல் நான் எழுதிய முதல் வாசகம் அதுதான் என்று நினைக்கிறேன். கீழே கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்தரையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாயவரத்துக்குப் பஸ் ஏறினேன்.

எனக்கு வேலை போயிற்று. மறு விசாரணை, அப்பீல், ஸ்டே என்று வழக்கு இழுத்துக்கொண்டு போய், அதில் ஒரு பகுதி நிலத்துக்கு அக்கா பேரில் பட்டா வந்தபோது அவளுக்குத் தலை நரைத்திருந்தது. தம்பி சங்கத்துக்காக வேலையை விட்டான் என்று சாகும்வரை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை. நிலத்தை நினைத்து அன்று நான் அந்தத் தாளை அடிக்கவில்லை.

தாலுகா ஆபீஸில் ரிஜிஸ்தரைக் கொடுத்து முத்திரை குத்திய ரசீதை வாங்கிக்கொண்டு, நேரே ஸ்டேஷனுக்கு நடந்தேன். வெள்ளைக் குதிரை வண்டியில் பூட்டியபடி நின்று, வாயில் கட்டிய பையிலிருந்து புல் தின்றுகொண்டிருந்தது. அதற்கும் தோளில் புண் இருந்தது, அதற்கும் ஈ மொய்த்தது. அதற்கென்று யாரும் துண்டறிக்கை எழுதவில்லை. வலது பக்கமாகப் போனேன், பழக்கத்தில் குரல் கொடுத்துக்கொண்டே. குரல் கொடுக்க அவசியமே இருக்கவில்லை. நான் பத்தடி தூரத்தில் வரும்போதே அது தின்பதை நிறுத்திவிட்டு, வலது கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.