நடுக்கடலில் ஒரு தோட்டம்

இந்தியத் தூதரக உத்தியோகத்தில் நான் கற்றுக்கொண்ட வித்தை ஒன்றே ஒன்றுதான்: ஒன்றும் சொல்லாமல் பதில் சொல்வது. மலைத் தோட்டங்களிலிருந்து ரயிலேறி வந்து, "எங்களுக்கு எந்த நாடுங்க?" என்று கேட்டு நிற்பவர்களிடம் "ஆலோசித்துச் சொல்கிறோம்" என்போம். ஒருவனும் ஆலோசித்ததில்லை. அந்த வார்த்தை வாயில் கசந்துபோய் வேலையை உதறிவிட்டு அட்டனுக்கு வந்து ஒரு நாவல் எழுதினேன். அதை முழுதாகப் படித்தவர் அச்சுக்கோத்தவர் மட்டும்தான், பாவம், அவருக்கு வேறு வழியில்லை. அழவைத்தது போதும், சிரிக்கவைத்துப் பார்ப்போம் என்று ஒரு நையாண்டிப் பத்திரிகை தொடங்கினேன்.

இந்திய அரசாங்கமும் இங்குள்ள அரசாங்கமும் தேயிலைத் தோட்டத்துச் சனங்களை உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. எரிச்சலில் ஒரு கட்டுரை எழுதினேன். எதற்கு வீண் மனத்தாங்கல், எல்லோரையும் பெரிய கப்பலொன்றில் ஏற்றி நடுக்கடலில் நிறுத்திவிடலாம். லயத்து வீடுகள் அங்கேயே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும் அங்கேயே என்று யோசனை சொன்னேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு தாங்கவில்லை.

அது வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்து வாசலில் ஒருவர் கட்டுரையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அரசாங்க அறிவிப்பைக் கேட்பதுபோல் கேட்டார்கள். எழுதியவர் இவர்தான் என்று வாசித்தவர் என்னைக் காட்டவும், கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள்.

"ஐயா, அந்தக் கப்பல் எப்பங்க வருது?"

நான் விழித்தேன். வாசித்தவர்தான் விளக்கினார். "இவளுக்கும் புருசனுக்கும் இந்தியான்னு முடிவாகிருச்சுங்க. மகளுக்கு இங்கயே பிரஜாவுரிமை. அந்தப் புள்ள இப்ப மாசமா இருக்கு."

"கப்பல்ல ரெண்டு நாட்டு ஆளுகளும் ஒண்ணா இருக்கலாமுல்லங்க?" அவள் முகம் மலர்ந்திருந்தது. "நாங்க குடியிருக்குற காம்பராவுக்குப் பக்கத்துலயே மக காம்பராவும் குடுக்கச் சொல்லுங்கய்யா. தெனம் பெரட்டுக்கு மொத ஆளா வந்து நிப்போம்."

அது விளையாட்டுக்கு எழுதியது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. அத்தனை வருடம் வெறுத்த வார்த்தைதான் கடைசியில் வந்தது.

"ஆலோசிச்சுச் சொல்றோம்மா."

அவள் இரு கையும் கூப்பிக் கும்பிட்டாள். மகளிடம் சொல்ல லயத்துக்குள் ஓடினாள்.