தோட்டக்காரன் என்ன ஆனான்?

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேல் எங்கள் தெருவில் அடிப்பிடித்த கறிக்குழம்பின் வாசனை வரும். ஒரு வீட்டிலிருந்து அல்ல, வரிசையாகப் பல வீடுகளிலிருந்து. அடுப்பில் சட்டியை ஏற்றி, தீயைத் தணித்துவிட்டு, எல்லோரும் சரோஜா பெரியம்மா வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, எங்கோ மலைமேல் ஒரு பங்களாவில் பணக்காரர் ஒருவரைக் கொன்றது யார் என்று தொலைக்காட்சித் தொடரில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளம்பரம் போடும்போது யாராவது ஒருத்தி எழுந்து ஓடுவாள். அவள் போய்ச் சேர்வதற்குள் கறி கருகியிருக்கும். "கொலகாரன் கெடைக்கறதுக்குள்ள எங்க வூட்ல ஒரு கொல வுழுந்துடும்" என்று புருஷனை நினைத்துக்கொண்டு புலம்பியபடி திரும்பி வந்து, விட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொள்வாள்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையை அகலப்படுத்தி, இரண்டு பக்கமும் வேலி போட்டு, வேலிக்கு உள்ளே தகரக் கூரைகளைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. பெரியம்மா எங்களுக்கு உறவில்லை, தெருவுக்கே பெரியம்மா. சாலையோரத்து நிலத்தை விற்றதும் அவர் வீட்டுக்குள் முதலில் நுழைந்தது அந்தக் கலர் டிவி. அதற்குத் தெருவில் "நெலம் வித்த டிவி" என்றே பெயர். அடுத்து வந்தது மகள் கல்யாணத்துக்கென்று எடுத்த ஒரு ஜோடி ஜிமிக்கி. அதை மஞ்சள் துணியில் முடிந்து அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தது ஊருக்கே தெரிந்த ரகசியம். மூன்றாவதாக, இனி வேலைக்குப் போக வேண்டியதில்லை என்கிற எண்ணம் அவருடைய மகன் சேகருக்கு வந்தது.

எங்கள் வீட்டில் டிவி இல்லை. விற்பதற்கு நிலமும் இல்லை. எங்களிடம் இருந்தவை சாவிகள். விடியற்காலையில் "கம்பெனி பஸ்" வந்து தெருவில் பாதிப் பேரை அள்ளிக்கொண்டு போய்விடும். அடுத்த ஷிப்டுக்கு மீதிப் பேர் போவார்கள். ஒரே வீட்டில் புருஷன் திரும்பும்போது மனைவி கிளம்பியிருப்பாள், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்போது இரண்டு பேருமே இருக்க மாட்டார்கள். ஆகவே எல்லோரும் வீட்டைப் பூட்டிச் சாவியை, நாள் முழுக்கத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் என் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கதவுக்குப் பின்னால் சுவரில் ஆணிகள் அடித்து அம்மா அவற்றை மாட்டி வைத்திருந்தாள். எந்தச் சாவி எந்த வீட்டுடையது என்பதற்கு, வெட்டிப்போட்ட ஜாக்கெட் துணியில் ஒவ்வொரு நிறத்தில் நாடா கட்டியிருந்தாள். "பேங்க்ல போட்டாக்கூட சீட்டு தருவான், சாந்தாகிட்ட அதுவும் வேணாம்" என்று பெரியம்மாவே சொல்வார். அப்பா லாரியில் போனால் எப்போது வருவார் என்று தெரியாது. ஜாக்கெட் தைத்துப் பிழைத்த ஒருத்திக்கு அந்த ஊரில் வேறு எந்த வழியிலும் கிடைத்திருக்காத மதிப்பு அந்த ஆணிகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

தெருவின் துப்பறிவாளர் முருகேசன் மாமா. ஒரு கம்பெனி கேட்டில் "செக்யூரிட்டி"யாக நின்று, போகிறவர் வருகிறவருடைய சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்க்கிற வேலை. காக்கி இல்லாவிட்டாலும் தொப்பி இருந்ததால் தன்னைப் பாதிப் போலீஸ் என்று நம்பினார். தொடரில் பங்களாவின் தோட்டக்காரனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் வாரா வாரம் அடித்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில் இருந்த எல்லோரும் அவன்தான் என்றார்கள். மாமா மட்டும் சிரித்தார். "மொதல்ல மாட்றவன் எப்பவும் இல்ல. எவன் மேல டவுட்டே வரலியோ, அவன்தான்" என்பது அவர் கண்டுபிடித்த விதி. அது எவ்வளவு கெட்ட விதி என்று எங்களுக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை.

ஒருநாள் பெரியம்மா மணிமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போனார். சாவியை வழக்கம்போல எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போனார். திரும்பி வந்த மறுநாள் அரிசி அள்ளும்போது டிரம்முக்குள் மஞ்சள் துணியைக் காணோம். தலையில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்த அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "அந்தக் கட்டையில போறவன்தான் எடுத்துட்டான்" என்பது. மகனைத்தான் சொன்னார். வாலாஜாபாத்தில் நகை அடகு பிடிக்கும் "சேட்டுக் கடை" பக்கம் சேகரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். சேகர் வந்தான், இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தான், போய்விட்டான். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தது. தொடர் முடிந்து டிவியை அணைத்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. முருகேசன் மாமா தொண்டையைச் செருமினார்.

"இன்னா சீரியல் பாக்கறீங்க நீங்கள்லாம்? மொத வாரம் டவுட்டு வந்தவன் கொலகாரனா இருந்துகீறானா எப்பனாச்சும்? சேகரு மேல எல்லாருக்கும் டவுட்டு வருதுல்ல, அப்ப சேகரு இல்ல."

பெரியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆமாப்பா. எம்புள்ள குடிப்பான், ஊர் சுத்துவான். திருட மாட்டான்" என்றார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதில் எனக்குக்கூட அவர்மேல் கோபமில்லை.

"அப்ப யாரு?" என்று யாரோ கேட்டார்கள்.

"நாம யார நெனைக்கவே மாட்டமோ, அவங்கள நெனைச்சுப் பாருங்க" என்றார் மாமா.

எல்லோரும் நினைத்துப் பார்த்தார்கள். அம்மாதான் சிரித்தாள். பெரியம்மாவை நேராகப் பார்த்துக்கொண்டு, "சாவி எங்கிட்டதானக்கா கெடந்துச்சி, அப்ப நான்தான் போலகீது!" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா அணைத்து வைத்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள், டீக்கடையில் மாமா சொன்னது எங்கள் காதுக்கும் வந்துவிட்டது: "எங்கப்பன் குதிருக்குள்ள இல்லன்னு அதுவே சொல்லிடுச்சே!"

போலீசுக்குப் போகலாம் என்று சிலர் சொன்னதற்குப் பெரியம்மா, "ஸ்டேஷன் கீஷன்லாம் இன்னாத்துக்கு, தெருவு பேரு கெட்டுப்பூடும்" என்று மறுத்துவிட்டார். அவருடைய பெரிய மனசைத் தெருவே பாராட்டியது.

எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். சாவிகள்தான் ஒவ்வொன்றாகப் போயின. "மாமியா ஊர்லேர்ந்து வந்துகீது சாந்தா, இனிமே வூட்ல ஆளு இருக்கும்" என்று ஒருத்தி. "டூப்ளிகேட் போட்டுக்கினோம்" என்று இன்னொருத்தி. "எதுக்கு உனக்கு செரமம்" என்று மற்றொருத்தி, அதுவரை ஒருநாளும் அம்மாவின் சிரமத்தை நினைத்துப் பார்க்காதவள். ஒவ்வொருத்தியும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். சாவி போன பிறகும் அம்மா ஆணியைப் பிடுங்கவில்லை. தைக்கக் கொடுத்த துணிகளும் குறைந்தன. தோழி வீட்டில் தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போன என்னை அவள் அம்மா, "நீ அங்கயே இரு பாப்பா, நான் மொண்டாறேன்" என்று வாசலிலேயே நிறுத்தினாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். வாயையே திறக்காத ஊரை என்ன செய்வது என்பதற்குப் பழமொழி இல்லை.

இத்தனைக்கும் பிறகு அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கூடத்துக்குப் போனாள். நான் வரமாட்டேன் என்று அழுதபோது, "போவலன்னா நான்தான்னு ஆயிடும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பெரியம்மாவுக்கு நேர் எதிரே உட்காருவாள். எங்களைச் சுற்றி முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடம் இருக்கும். தொடரின் கடைசி வாரத்தில் துப்பறியும் அதிகாரி பங்களாவில் இருந்த எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, ஒவ்வொருவர் பக்கமும் விரலை நீட்டி எடுத்து, கடைசியில், யாருமே சந்தேகப்படாத, பங்களாவில் எல்லோருக்கும் ஊசி போட்டுவந்த நல்ல டாக்டர்தான் கொலைகாரன் என்று சொன்னார். கூடமே கை தட்டியது. முருகேசன் மாமா எழுந்து நின்று, "நான் அப்பவே சொல்லல?" என்றார். டாக்டர் கையில் விலங்கு, பின்னால் இசை, எழுத்து ஓடியது, முடிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டாள்: "அத்தினி வாரம் போட்டு அடிச்சாங்களே, அந்தத் தோட்டக்காரன் இன்னா ஆனான்?"

எனக்குத் தெரியவில்லை. காட்டவில்லை.

இன்று நான் வேலைக்குப் போகும் வேனில் எல்லோர் கையிலும் போன், போனில் எல்லாம் கொலை. "எக்கா, யாருன்னு சொல்லிராதீங்க, நா இன்னும் முடிக்கல" என்று திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி காதைப் பொத்திக்கொள்வாள். முடித்த பிறகு விவாதம் நடக்கும்: முடிவு "செம"யா, "சப்"பா? யூகிக்க முடியாத ஆள் வந்தால் செம. முதலில் நினைத்தவனே வந்தால் சப். என்னைக் கேட்டால், எந்த முடிவும் எனக்குத் திருப்தி தந்ததில்லை. குற்றவாளியைக் காட்டிய பிறகு மீதியிருக்கும் இரண்டு நிமிடத்தை நான் கண் கொட்டாமல் பார்ப்பேன். அதுவரை சந்தேகப்பட்டுத் துன்புறுத்திய யாராவது ஒருவர், துன்பப்பட்ட யாராவது ஒருவரிடம் போய், "உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன்" என்று சொல்கிறாரா என்று பார்ப்பேன். சொல்வதில்லை. கதை எழுதுகிறவர்களுக்கு அது ஞாபகமே வருவதில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டால் நிரபராதி வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைக்கிறார்கள், அந்த வீட்டுக்குள் என்ன மிச்சமிருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

தொடர் முடிந்த வருஷமே நாங்கள் மறைமலை நகருக்குக் குடிவந்துவிட்டோம். பிறகு எங்கள் தெருவையும் ஒரு கம்பெனிக்காக எடுத்துக்கொண்டார்கள். இப்போது அங்கே கன்டெய்னர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. கூடம் இருந்த இடம் எதுவென்று பஸ்ஸிலிருந்து பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெருவில் இருந்தவர்கள் படப்பை, வாலாஜாபாத், எங்கெங்கோ போய்விட்டார்கள். முருகேசன் மாமா இறந்துவிட்டார். எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து விரல் நீட்ட இனி எந்த அதிகாரியாலும் முடியாது.

போன மாதம் வாலாஜாபாத்தில் பழைய தெருக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பெரியம்மாவைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பழைய கதைகள் பேசினார். பேச்சுவாக்கில், "அந்த ஜிமிக்கிய எடுத்தது எங்க சேகருதாம்மா" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நீங்க போன பொறவு குடிச்சிட்டு வந்து தெருவுல நின்னு அவனே கத்தினான். எல்லாருக்கும் தெரியுமே! வேற யாரு எடுப்பா?" என்று சிரித்தார்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மறைமலை நகர் ஒன்றும் சீமையில் இல்லை, பஸ் ஏறினால் வந்துவிடலாம். யாரும் வரவில்லை. வந்து என்ன சொல்வார்கள்? உன்னைச் சந்தேகப்படவில்லை என்று சொல்ல வேண்டுமானால், சந்தேகப்பட்டதை முதலில் சொல்லியாக வேண்டும். வாய் திறந்து பழி போடாதவர்கள் வாய் திறந்து பழியை எடுக்கவும் தேவையில்லை என்று இருந்துவிட்டார்கள். பந்தியில் அந்தப் பழைய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். "ம்மா, ஜிமிக்கிய சேகர்தான் எடுத்தானாம். பெரிம்மாவே சொல்லிச்சி."

"தெரியும்" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு மதியம் அவன்தான் வந்து சாவி வாங்கினு போனான். அவன் வூட்டு சாவிய அவனுக்குக் குடுக்காம எப்டி இருக்கறது?"

"அத அன்னிக்கே அவங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்று கத்திவிட்டேன்.

"சொன்னனே. காதுகுத்துலேர்ந்து வந்து சாவி வாங்கும்போதே அக்காகிட்ட சொல்லிட்டேன், உம்புள்ள வந்து தொறந்துட்டுப் போனான்னு. அதுக்கு மொதல்லேர்ந்தே தெரியும். ஊரு எதிர்ல அது வாயால சொல்லட்டும்னுதான், வாரா வாரம் போயி அது எதிர்லயே குந்திகினு இருந்தேன்."

என் அம்மாவின் இந்தப் பெருந்தன்மையைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஒரு வார்த்தையை அவள் அந்தக் கூடத்தில் உரக்கச் சொல்லியிருந்தால் எங்கள் பிழைப்பு வேறாக இருந்திருக்கும் என்று அவளிடமே சொன்னேன். அவள் முற்றிய தண்டுகளைத் தனியே ஒதுக்கிவிட்டுக் கேட்டாள்:

"அக்கா எங்கிட்ட சொல்லச் சொல்லிச்சா?"

இத்தனை வருஷமும் அவள் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன், வாய் வரவில்லை. இல்லை என்றேன். சேகரைப் பற்றிச் சொன்ன பிறகு, பாயசம் நல்லா கீது, இன்னொரு வாட்டி வாங்கிக்கோ என்று மட்டும்தான் பெரியம்மா சொன்னார்.